கழுத்தில் கை வைக்கும் முன்: பிசியோதெரபிஸ்டுகளுக்கும் கைரோபிராக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக பிசியோதெரபிஸ்டுகளுக்கும், கைரோபிராக்டர் (முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்பவர்) என்று பலகை வைத்துத் தொழில் செய்யும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி எடுக்கிறோமே, அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த மடல். இடுப்புக்கும் முதுகுக்கும் நாம் செய்வதைப் பற்றி இங்கே பேசவில்லை. கைரோபிராக்டிக் என்ற முறையே வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. நான் கேட்பது இரண்டு விஷயங்கள். கழுத்தைத் திருப்பும் முன், இதனால் அரிதாகப் பக்கவாதம் வரலாம் என்பதை எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். அவர் கொண்டுவந்திருக்கும் வலி ஏற்கெனவே கிழிந்த ஒரு ரத்தக்குழாயின் வலியாக இருக்குமோ என்று பார்க்காமல் திருப்பாதீர்கள்.

சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. கைரோபிராக்டருக்கென்று தனிக் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. வரவேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன், ஆனால் அதற்கு எத்தனை ஆண்டு ஆகுமோ. நாளைக் காலை உங்கள் கிளினிக்கில் முதல் டோக்கன் வாங்கி உட்காரப்போகிறவர் அதுவரை காத்திருக்க முடியாது. அந்த அறையில் அவருக்காக யோசிக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

முதல் வருட அனாட்டமியில் எல்லோரும் படித்ததுதான் என்றாலும், இந்த மடல் பொதுமக்கள் கைக்கும் போகக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வெர்டிப்ரல் ஆர்ட்டரி என்பது பெயர். பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது கழுத்தெலும்பில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பின் பக்கவாட்டிலும் உள்ள சிறு துளை வழியாக இது மேலே ஏறுகிறது. முதல் எலும்பைத் தாண்டியதும் அதன் மேல் பின்பக்கமாக வளைந்து, மண்டையோட்டின் அடியில் இருக்கும் பெரிய துவாரம் வழியாக உள்ளே போகிறது. உள்ளே போன பிறகு இரண்டும் சேர்ந்து ஒரே குழாயாகின்றன. மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் பார்வையைக் கவனிக்கும் மூளையின் பின்பகுதிக்கும் ரத்தம் போவது இந்த வழியில்தான்.

தலையை இடமும் வலமும் திருப்பும்போது அந்தத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி, முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது. ரத்தக்குழாய் வளைந்து நெளிந்து போகும் இடமும் அதுவே. அங்கே அது எலும்போடு சேர்ந்து இழுபடுகிறது.

ரத்தக்குழாயின் சுவருக்கு மூன்று அடுக்கு. சட்டைக்கு உள்ளே கொடுத்த லைனிங் துணி ஓரிடத்தில் தையல் விட்டுப் பைபோல உப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளடுக்கில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் ரத்தம் சுவருக்குள் புகுந்து அப்படித்தான் உப்புகிறது, குழாயின் பாதை குறுகுகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மேலே போனால் பக்கவாதம். இது அடுத்த நிமிடமும் நடக்கலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் நடக்கலாம்.

பக்கவாதம் என்றதும் நம் ஊரில் வாய் கோணுவதும் ஒரு கை விழுவதும்தான் நினைவுக்கு வரும். மூளைத்தண்டில் வருவது பெரும்பாலும் அப்படித் தெரியாது. தலை சுற்றும், நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வார், பார்வை இரண்டாகத் தெரியும், குரல் கம்மும், எச்சில்கூட விழுங்க முடியாது, விக்கல் நிற்காமல் வரும். முகத்தின் ஒரு பக்கத்திலும் உடம்பின் மறுபக்கத்திலும் சூடு, குளிர், வலி தெரியாமல் போகும். பார்ப்பவருக்குப் பித்தத் தலைசுற்றல் மாதிரித்தான் இருக்கும்.

இது அரிது. அதை மறைத்தால் நான் சொல்லும் மற்றதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கழுத்து ரத்தக்குழாய்க் கிழிசல் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு வருவதாக மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. அதிலும் பல, கழுத்தை யாரும் தொடாமலே வருபவை. பலமாகத் தும்மி, வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பிப் பார்த்து, அண்ணாந்து விட்டத்துக்குப் பெயின்ட் அடித்துக் கிழிந்தவர்கள் உண்டு. மொத்தப் பக்கவாதத்தில் இதன் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் 45 வயதுக்குக் கீழே வரும் பக்கவாதங்களை மட்டும் எடுத்தால் அது 8 முதல் 25 சதவீதம் வரை போகிறது. நம் கிளினிக்குக்குக் கழுத்து வலி என்று வருகிறவர்கள் யார்? நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்திருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள், இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக ஓடும் தாய்மார்கள். கிழிசல் வரும் வயதும் நம்மிடம் வரும் வயதும் ஒன்றுதான்.

நெட்டி எடுப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி கனடாவில் நீதி விசாரணை வரைக்கும் போனது. 1998-ல் சாஸ்கடூன் நகரில் 20 வயதுப் பெண் ஒருவர் கைரோபிராக்டரின் கிளினிக்கிலேயே நினைவிழந்து, சில நாட்களில் இறந்தார். டொரொண்டோவில் 1996-ல் 45 வயதுப் பெண் ஒருவர் கழுத்துச் சிகிச்சைக்குப் பிறகு பக்கவாதம் வந்து இறந்தார். அந்த மரணத்தை விசாரித்த ஜூரி, நீண்ட விசாரணைக்குப் பின் 2004-ல் அதை விபத்து மரணம் என்று முடிவு செய்தது. நடுவே, 2002-ல், அந்நாட்டின் அறுபதுக்கும் மேற்பட்ட நரம்பியல் மருத்துவர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு எச்சரிக்கை விடுத்தார்கள். 2016-ல் லாஸ் ஏஞ்சலீஸில் 34 வயது மாடல் ஒருவர் இறந்தபோது, கழுத்தைத் திருப்பியதில் வெர்டிப்ரல் ஆர்ட்டரி கிழிந்ததே காரணம் என்று, மரணக் காரணத்தை விசாரிக்கும் அங்குள்ள கரோனர் அலுவலகம் பதிவு செய்தது.

தனித்தனிச் சம்பவங்களை வைத்து ஒரு சிகிச்சையைத் தீர்ப்பிட முடியாது என்பீர்கள். சரிதான். ஆய்வுகளுக்கு வருவோம். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் செய்த ஆய்வு 2001-ல் வந்தது. வெர்டிப்ரல் ஆர்ட்டரி வழியில் பக்கவாதம் வந்த 45 வயதுக்குக் கீழானவர்கள், அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் கைரோபிராக்டரிடம் போயிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம் என்றது. 2003-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வில், கிழிசலால் பாதிக்கப்பட்ட 51 பேரில் 7 பேர் முந்தைய முப்பது நாட்களுக்குள் நெட்டி எடுத்திருந்தார்கள். வேறு காரணத்தால் பக்கவாதம் வந்த 100 பேரில் அப்படி எடுத்தவர்கள் 3 பேர். கழுத்து வலியோடு போயிருப்பார்களே என்பதையும் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு அப்படியே இருந்தது.

அடுத்து வந்ததுதான் உங்களில் பலர் மேற்கோள் காட்டும் 2008-ஆம் ஆண்டு ஆய்வு. அதே ஒண்டாரியோ, ஒன்பது ஆண்டுகள், 818 பக்கவாத நோயாளிகள். அவர்களில் இளையவர்கள் கைரோபிராக்டரிடம் போயிருந்த அளவுக்குக் குடும்ப மருத்துவரிடமும் போயிருந்தார்கள். குடும்ப மருத்துவர் கழுத்தைத் திருப்புவதில்லை. அப்படியானால் ரத்தக்குழாய் முதலிலேயே கிழிந்து, அதன் வலிக்காகத்தான் அவர்கள் இருவரிடமும் போயிருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வு தந்த விளக்கம். மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் அனுப்பிய பில் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு அது. உள்ளே கழுத்தைத் திருப்பினார்களா, மருந்து தேய்த்தார்களா என்பது அந்தப் பதிவில் தெரியாது. இருந்தாலும் அந்த விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. 2014-ல் அமெரிக்க இதய சங்கமும் பக்கவாத சங்கமும் எல்லா ஆய்வுகளையும் பார்த்துவிட்டு வெளியிட்ட அறிக்கையும் அளந்துதான் பேசியது: தொடர்பு இருப்பது தெரிகிறது, இதனால்தான் அது என்று நிரூபணமாகவில்லை, ஆனாலும் சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் இந்தத் தொடர்பைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் உங்களோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறேன். கருத்தரங்குகளிலும் வாட்ஸாப் குழுக்களிலும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம், "நாம் கிழிக்கவில்லை, ஏற்கெனவே கிழிந்துதான் வந்திருக்கிறார்" என்ற பதிலோடு விவாதம் முடிந்துவிடுகிறது. எனக்கு அது முடியவேண்டிய இடமாகத் தெரியவில்லை. அந்தப் பதில் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ரத்தக்குழாய் கிழிந்த ஒரு மனிதர் நம் கதவைத் தட்டி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். நாம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. போதாததற்கு, கிழிந்த அந்த இடத்தையே பிடித்து வேகமாகத் திருப்பியிருக்கிறோம். குடும்ப மருத்துவரும் கண்டுபிடிக்காமல்தான் அனுப்பினார், ஆனால் அவர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கட்டியை அசைக்கும் வாய்ப்பு அவர் கைக்கு இல்லை, நம் கைக்கு இருக்கிறது.

நெட்டி எடுப்பதால் கிழிகிறது என்றால் நாம் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். கிழிந்தபின் நம்மிடம் வருகிறார்கள் என்றால் நாம் பரிசோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் உண்மை இருந்தாலும், எதுவும் சொல்லாமல், எதுவும் பார்க்காமல், "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே திருப்புவதை நியாயப்படுத்த வழியில்லை. ஆராய்ச்சியாளர்கள் இந்த விவாதத்தை இன்னும் இருபது ஆண்டுகள் நடத்தட்டும். நம் கடமை என்ன என்பது அவர்கள் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. இருபதாயிரம் முறைக்கு ஒன்று என்பதில் தொடங்கி, ஐம்பது லட்சத்துக்கும் மேலான முறைகளுக்கு ஒன்று என்பது வரை கணக்குகள் பரந்து கிடக்கின்றன. சிறியதே என்று வைத்துக்கொண்டாலும், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். நெட்டி எடுப்பதையும், வேகம் இல்லாமல் மெதுவாக மூட்டை அசைக்கும் மொபிலைசேஷனையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, கழுத்து வலிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தருகின்றன என்றது. 2012-ல் 272 பேரை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், நெட்டி எடுத்தவர்களுக்கு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது உண்மை. ஆனால் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுத்த உடற்பயிற்சியும் அதே அளவுக்குப் பலன் தந்தது. அதற்கு இரண்டு முறை வந்து கற்றுக்கொண்டால் போதும். இத்தனை மாற்று கையில் இருக்கும்போது, வேகமாகத் திருப்பித்தான் ஆகவேண்டும் என்ற கழுத்து எத்தனை இருக்கும்? என் அனுபவத்தில் மிகக் குறைவு. கழுத்தைத் திருப்புவதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. அதற்காக வலி குறையாமல் திரும்பிப் போனார் என்று யாரையும் சொல்ல முடியவில்லை.

அந்த "டக்" என்ற சத்தத்துக்காகத்தான் பாதிப்பேர் வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது உருவாகும் வாயுக்குழியின் சத்தம் அது. விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று நோயாளி நம்புகிறார். நாமும் தெரிந்துகொண்டே அவரை அப்படி நம்பவிடுகிறோம். சிலர் "பாருங்க, செட் ஆயிடுச்சு" என்று வாய்விட்டே சொல்கிறார்கள். அதை நிறுத்துங்கள்.

சரி, பரிசோதனை என்றால் என்ன செய்வது? பெரிய கருவி எதுவும் வேண்டாம், முதலில் கேட்கத் தெரிய வேண்டும். "இந்த மாதிரி வலி இதுக்கு முன்னாடி உங்களுக்கு வந்திருக்கா?" என்ற ஒரு கேள்வியை யாரிடமும் விடாதீர்கள். கழுத்தின் ஒரு பக்கத்திலோ பின்னந்தலையிலோ திடீரென்று தொடங்கி, "வாழ்க்கையில் இப்படி வலித்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அந்தக் கழுத்தைத் திருப்பாதீர்கள். சமீபத்தில் விழுந்தாரா, பிரேக் போட்டபோது தலை குலுங்கியதா, கடுமையான காய்ச்சலோ சளியோ வந்து போனதா, ஒற்றைத் தலைவலி உண்டா, புகைப்பிடிப்பாரா என்று கேளுங்கள். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், திடீரென்று கால் மடங்கி விழுவது, முகத்தில் மரத்துப்போவது, இதில் ஒன்று இருந்தாலும் அவர் போகவேண்டிய இடம் மருத்துவமனை. ஒரு கண்ணிமை மட்டும் சற்று இறங்கி, அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருந்தால் அது கழுத்தின் முன்பக்க ரத்தக்குழாய் கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதைப் பார்க்க நல்ல வெளிச்சமும் ஒரு நிமிடமும் போதும். ரத்த அழுத்தம் பாருங்கள். கழுத்து வலிக்கு வந்தவருக்கு எதற்கு பி.பி. என்று அவரே கேட்பார். விளக்கம் சொல்ல அது நல்ல வாய்ப்பு.

நோயாளி எக்ஸ்ரே கவரோடு வருவார், "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பார். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியாது. சந்தேகம் இருந்தால் வேண்டியது சி.டி. ஆஞ்சியோகிராமோ எம்.ஆர்.ஐ.யோதான், அதை எழுதவேண்டியவர் மருத்துவர்.

இன்னொன்று. தலையைப் பின்னால் சாய்த்துத் திருப்பிச் சில நொடிகள் பிடித்துவைத்து, கண் ஆடுகிறதா, மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நாம் எல்லோரும் கல்லூரியில் கற்றிருக்கிறோம். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கையால் சிகிச்சை செய்யும் பிசியோதெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை 2020-ல் திருத்தியபோது, அந்தச் சோதனைக்கான பரிந்துரையையே எடுத்துவிட்டது. இன்னும் அதை நம்பி "டெஸ்ட் பண்ணிட்டுத்தான் செய்யறேன்" என்று சொல்லும் நண்பர்கள் அந்த வழிகாட்டுதலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இன்னும் கசப்பான உண்மை ஒன்று: தொடக்கத்தில் கிழிசலுக்கு வலியைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சிலரை நாம் தவறவிடுவோம். அதனால்தான் பரிசோதனை மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும் என்கிறேன்.

2008-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சிகிச்சைக்கு நோயாளி தரும் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. என்ன செய்யப்போகிறோம், எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பதெல்லாம் போதிய அளவு தெரிந்த பிறகு கொடுப்பதுதான் சம்மதம். நம் கிளினிக்குகளில் நடப்பது வேறு. ரிசப்ஷனில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும், கீழே கையெழுத்து போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அவர் போட்டுவிட்டு உள்ளே வருவார். நாம் ஏதாவது விளக்க வாயெடுத்தால், "நீங்க பாத்துப் பண்ணுங்க டாக்டர், உங்களுக்குத் தெரியாததா" என்பார். அது அவருக்கு நம்மீது இருக்கும் மரியாதை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கை வைத்தால் அந்த மரியாதைக்கு நாம் தகுதியில்லாதவர்கள்.

நான் இப்படித்தான் சொல்லச் சொல்வேன்: "உங்க கழுத்தை வேகமா ஒரு திருப்பு திருப்பிச் செய்யற ஒரு சிகிச்சை இருக்கு. சிலருக்கு வலி சீக்கிரம் குறையும். ரொம்ப அபூர்வமா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்திருக்கு, உயிரும் போயிருக்கு. அது இதனாலதானான்னு இன்னும் உறுதியாகலை. இதைத் திருப்பாமலே மெதுவா அசைச்சும், பயிற்சி கொடுத்தும் சரிபண்ணலாம், கொஞ்ச நாள் கூட ஆகலாம். உங்களுக்கு எது வேணும்?" இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. சொல்லிவிட்டு உடனே பெட்டில் படுக்கச் சொல்லாதீர்கள். அவர் யோசிக்கட்டும், கூட வந்த மனைவியிடமோ மகனிடமோ கேட்கட்டும். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் வேறு சிகிச்சையைத் தொடங்குங்கள்.

இப்படிச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார், தொழில் படுத்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருப்பது எனக்குப் புரியாமல் இல்லை. வாடகை, வாங்கிப்போட்ட பெட்டுக்குக் கட்டும் இ.எம்.ஐ., எதிர்த்தெருவில் திறந்திருக்கும் புதுக் கிளினிக், எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் ஆபத்தைக் கேட்டதும் ஒருவர் எழுந்து போகிறார் என்றால், தெரிந்திருந்தால் அவர் இதைச் செய்துகொண்டிருக்க மாட்டார் என்றுதானே அர்த்தம்? அப்படிப்பட்டவரிடம் சொல்லாமல் செய்து வாங்கும் காசு நமக்கு எப்படி ஒட்டும்?

கைரோபிராக்டர் நண்பர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. உங்களில் வெளிநாட்டில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய இந்தத் தொழில், இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உரிமம் வாங்கித்தான் நடக்கிறது. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு கவுன்சில் இருக்கிறது, நோயாளியின் சம்மதம் வாங்காமல் சிகிச்சை செய்தால் அது கேள்வி கேட்கும். அங்கே வேலை செய்தால் சொல்லியிருப்பீர்கள், இங்கே கேட்க ஆள் இல்லை என்பதால் சொல்லாமல் விடலாமா? நம் ஊர் நோயாளிக்கு மட்டும் அந்த உரிமை குறைந்துபோகுமா?

பிசியோதெரபிஸ்டுகளில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. சனி, ஞாயிறு ஹோட்டல் ஹாலில் நடக்கும் ஒரு பயிலரங்கில் ஒருவர் கழுத்தை ஒருவர் திருப்பிப் பழகிவிட்டு, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, திங்கட்கிழமையே நோயாளியின் கழுத்தில் தொடங்குபவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழுமையான கைரோபிராக்டிக் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு நாளில் கை வேகம் வந்துவிடும், எந்தக் கழுத்தைத் தொடக்கூடாது என்ற அறிவு வராது. நன்றாகப் படித்துத் தேர்ந்த இளைஞர்கள் இந்தப் பயிலரங்குகளுக்குப் பின்னால் ஓடுவதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

முடிதிருத்தும் கடைகளில் கடைசியில் தலையைப் பிடித்துச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தத் தொழிலாளர்களைக் குறைசொல்வது சுலபம். வாடிக்கையாளர் கேட்கிறார், அவர் செய்கிறார், இதில் ஆபத்து இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. படித்த நாமே சொல்லாமல் செய்யும்போது அவரை என்ன கேட்பது? முடி வெட்டிக்கொள்ளப் போகும் கடையில் நாமாவது "அண்ணே, கழுத்து வேண்டாம்" என்று சொல்லி, ஏன் என்றும் விளக்குவோம். முடிதிருத்துவோர் நல வாரியம் இதைத் தன் உறுப்பினர்களிடம் எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது.

ரீல்ஸ் எடுக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். காலர் மைக்கைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய், அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கி, துண்டைத் தாடைக்கு அடியில் மாட்டித் தலைமாட்டிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்து, நோயாளி அதிர்ச்சியில் சிரிப்பதைக் காட்டி முடிக்கும் காணொளிகள் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் தம்பியின் கழுத்தைத் திருப்புகிறான், ஹாஸ்டலில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். நீங்கள் கேள்வி கேட்ட ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டு, திருப்பும் ஒரு நொடியை மட்டும் போட்டால் அவர்கள் கற்றுக்கொள்வதும் அந்த ஒரு நொடியைத்தான். கழுத்துக் காணொளிகளை எடுத்துவிடுங்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் காணொளி போடுங்கள், பார்வை குறைவாகத்தான் வரும், பரவாயில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் மீறி நடந்துவிட்டால் செய்யவேண்டியது. திருப்பி முடித்ததும் ஒருவர் தலை சுற்றுகிறது, இரண்டாகத் தெரிகிறது, குமட்டுகிறது, முகம் மரத்துப்போகிறது என்றால் "சரியா உட்காரலை போல" என்று இன்னொரு முறை திருப்பாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சோடா, சர்க்கரைத் தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள். மூளைத்தண்டு பாதித்திருந்தால் விழுங்கும் திறன் போயிருக்கும், கொடுத்தது நுரையீரலுக்குள் போகும். கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும், சரியாகிவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதென்றால் வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்பதால் சி.டி. வசதி உள்ள மருத்துவமனைக்கே போகட்டும். நல்லபடியாக எழுந்து வீட்டுக்குப் போகிறவரிடமும், அடுத்த சில நாட்களில் இப்படி ஏதாவது தெரிந்தால் மறுபடி என்னிடம் வராதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

ஆம்புலன்ஸில் நீங்களும் ஏறுங்கள். அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே, "நான் இவருடைய கழுத்தைத் திருப்பினேன், இத்தனை மணிக்கு, இந்தப் பக்கமாக" என்று சொல்லுங்கள். வயது முப்பதுதான், வாந்தி, தலைசுற்றல் என்று மட்டும் சொன்னால் காது கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். கழுத்து ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவேண்டும் என்றால், நடந்ததை அறிந்த ஒரே ஆளான நீங்கள் அங்கே நின்று அதைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான ஒரு பிசியோதெரபிஸ்ட்